பணம் போன வழியில் சீட்டு திரும்பி வருகிறதா?

(கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கான மாதாந்திரப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு பற்றிப் பேசுகிறோம், கடன் பற்றிப் பேசுகிறோம், தொழில் பற்றிப் பேசுகிறோம். இன்றைக்கு இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அதுதான் தகவல்.

"உங்க குழுவுல இந்த மாசம் எவ்வளவு வசூல் ஆச்சு?" என்று கேட்டால் ஊக்குநர் டக்கென்று சொல்லிவிடுவார். "அந்தப் பணம் வங்கியில் கடன் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று, பணம் கொடுத்த 15 பேருக்கும் எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு யாராவது ஒரு அக்கா சொல்வார்: "ஊக்குநர் கட்டிட்டேன்னு சொன்னாங்க."

நம்பிக்கை வேண்டியதுதான். நம்பிக்கை இல்லாமல் குழுவே இல்லை. ஆனால் நம்பிக்கையைக் காப்பாற்றுவது சொல் மட்டும் இல்லை, சீட்டும்தான். பணம் ஒரு வழியாகப் போகிறது. அந்தப் பணத்தைப் பற்றிய தகவல் இன்னொரு வழியாகப் போகிறது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டு, தகவல் நடுவழியில் நின்றுவிட்டால், அங்கேதான் சந்தேகமும் சண்டையும் முளைக்கிறது. அந்த இடம் எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு படம் உண்டு. அதைப் போடக் கற்றுக்கொள்வதுதான் இன்றைய பயிற்சி.

கணினிக்காரர்களின் படம், நம் கோலப்பொடியில்

இந்தப் படத்துக்குப் பெயர் 'தகவல் ஓட்டப் படம்'. கணினி படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் 'டேட்டா ஃப்ளோ டயகிராம்' என்பார்கள். 1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் யூர்டன், லாரி கான்ஸ்டன்டைன், டாம் டிமார்க்கோ, கிறிஸ் கேன், டிரிஷ் சார்சன் ஆகியோர் இந்த முறையைப் புத்தகங்கள் வழியாகப் பரப்பினார்கள். அந்தக் காலத்தில் ஓர் அலுவலகத்துக்குக் கணினி போட வேண்டுமென்றால், அந்த அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்தக் கட்டை, கணக்கு எழுதுகிறவர் படித்துச் சரிபார்க்க முடியாது. அதனால் தப்பான கணினி வேலை நடந்துவிடும். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து "இது சரி, இது தப்பு" என்று பேசிக்கொள்ள ஒரு படம் தேவைப்பட்டது. அதற்காக வந்ததுதான் இது.

எனவே எழுதப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். குழு தொடங்கின காலத்தில் ஊர் நடுவில் உட்கார்ந்து, கோலப்பொடியால் தெருவும் வீடும் கிணறும் போட்டு சமூக வரைபடம் வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு யார் வீடு விட்டுப்போச்சு என்று முதலில் சொன்னவர்கள் படிக்காத பாட்டிமார்கள்தான். அதே மாதிரிதான் இதுவும். அன்றைக்கு ஊரை வரைந்தோம். இன்றைக்கு நம் கணக்கு போகும் பாதையை வரையப்போகிறோம்.

நாலே நாலு அடையாளம்

முதலாவது, கட்டம். இது வெளியாளைக் குறிக்கும். நம் வேலைக்குத் தகவல் கொடுப்பவர், அல்லது நம்மிடமிருந்து தகவல் வாங்குபவர். வங்கி ஒரு கட்டம். கூட்டமைப்பு ஒரு கட்டம். நம்மிடம் சரக்கு வாங்கும் கடைக்காரர் ஒரு கட்டம்.

இரண்டாவது, வட்டம். இது வேலையைக் குறிக்கும். உள்ளே 'ஊக்குநர்' என்று ஆள் பெயர் எழுதக் கூடாது. 'தவணை வசூலித்தல்', 'வங்கியில் கட்டுதல்' என்று செயலை எழுத வேண்டும். ஆள் மாறலாம், வேலை மாறாது. சில புத்தகங்களில் வட்டத்துக்குப் பதில் மூலை வளைந்த பெட்டி போட்டிருப்பார்கள். அர்த்தம் ஒன்றுதான்.

மூன்றாவது, பக்கம் பக்கமாக இரண்டு கோடு. இது நோட்டு. தகவல் தங்கியிருக்கும் இடம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ்புத்தகம் எல்லாம் இப்படித்தான் வரும்.

நாலாவது, அம்பு. இது தகவல் போகும் திசை. ஒவ்வொரு அம்பு மேலும் என்ன தகவல் போகிறது என்று எழுத வேண்டும். பெயர் இல்லாத அம்பு செல்லாது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் பணம் ஓடாது, பொருள் ஓடாது. ஒருவர் 950 ரூபாய் கொடுக்கிறார் என்றால், அந்த ரூபாய் நோட்டு படத்தில் வராது. 'இன்னார், இந்தத் தேதியில், இந்தக் கடனுக்கு 950 கட்டினார்' என்ற செய்திதான் அம்பு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

முதலில் ஒரே வட்டம், பிறகு உள்ளே

வரையும்போது எடுத்ததும் எல்லாவற்றையும் போட்டால் சிக்குக் கோலம் ஆகிவிடும். முதலில் நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம். அதற்குள் 'குழுவின் வங்கிக் கடன் கணக்கு' என்று எழுதுங்கள். சுற்றிலும் கட்டங்கள்: உறுப்பினர், வங்கி, கூட்டமைப்பு. யாரிடமிருந்து என்ன செய்தி உள்ளே வருகிறது, யாருக்கு என்ன செய்தி வெளியே போகிறது என்று மட்டும் அம்பு போடுங்கள். இந்தப் படத்தில் நோட்டு எதுவும் வராது. நம் எல்லை எது, வெளியாள் யார் என்று காட்டினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எப்போதும் வரும். "உறுப்பினர் எப்படிங்க வெளியாள்? குழுவே நாங்கதானே?" நியாயமான கேள்வி. குழு நம்முடையதுதான். ஆனால் கணக்கு எழுதும் வேலைக்கு, தவணை கொடுக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு வெளியாள். அவர் ஒரு தகவலைக் கொடுக்கிறார், பதிலுக்கு ஒரு தகவல் அவருக்கு வர வேண்டும். அவரைக் கட்டமாகப் போட்டால்தான் அவருக்குத் திரும்பி வரவேண்டிய அம்பு கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பெரிய வட்டத்தைத் திறந்து உள்ளே பார்க்கலாம். நான்கு சின்ன வட்டங்கள் வரும். ஒன்று, கூட்டத்தில் தவணை வசூலித்தல். இரண்டு, வங்கியில் கட்டுதல். மூன்று, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல். நான்கு, கூட்டத்தில் நிலையைப் படித்துச் சொல்லுதல். வேண்டுமானால் இதில் ஒவ்வொன்றையும் இன்னும் திறக்கலாம். ஆனால் ஒரு விதி உண்டு. பெரிய வட்டத்துக்குள் எத்தனை அம்பு வந்ததோ, வெளியே போனதோ, அத்தனையும் உள்படத்திலும் இருக்க வேண்டும். வெளிப்படத்தில் 'வங்கி ரசீது' வந்து, உள்படத்தில் அது எந்த வட்டத்துக்கும் போகவில்லை என்றால், ரசீது யாருக்கோ வருகிறது, எந்த வேலைக்கும் பயன்படவில்லை என்று பொருள்.

சரிபார்க்க ஐந்து கேள்வி

படம் போட்டு முடித்ததும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. விழுங்கும் வட்டம் இருக்கிறதா? தகவல் உள்ளே போகிறது, எதுவும் வெளியே வருவதில்லை. மனு வாங்குகிறோம், பதில் யாருக்கும் போவதில்லை என்பது மாதிரி. கணினிக்காரர்கள் இதைக் கருந்துளை என்பார்கள்.

2. அதிசய வட்டம் இருக்கிறதா? உள்ளே எதுவும் போகவில்லை, வெளியே மட்டும் வருகிறது. எந்த நோட்டையும் பார்க்காமல் 'இந்த வருஷ லாபம் 8,000' என்று சொன்னால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

3. அரைகுறை வட்டம் இருக்கிறதா? உள்ளே வருகிற தகவலை வைத்து அந்த வேலையைச் செய்யவே முடியாது. மாவு மட்டும் கொடுத்துத் தோசை கேட்டால், கல் எங்கே, எண்ணெய் எங்கே?

4. நோட்டிலிருந்து நோட்டுக்கு நேராக அம்பு போகிறதா? நோட்டு தானாக எழுதிக்கொள்ளாது. நடுவில் ஒரு வட்டம், அதாவது ஒரு வேலை, இருந்தே ஆக வேண்டும். அங்கே வட்டம் இல்லையென்றால் அந்த வேலையை யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம்.

5. வெளியாள் நேராக நம் நோட்டைத் தொடுகிறாரா? கடைக்காரர் "பாக்கி இவ்வளவுதான், எழுதிக்குங்க" என்று சொன்னதும் அப்படியே எழுதினால், அது அவர் எழுதிய கணக்கு. நடுவில் 'சரிபார்த்தல்' என்ற வட்டம் வேண்டும்.

ஒரு ஊக்குநரின் பெயரைக் காப்பாற்றிய படம்

இது எதற்கு இவ்வளவு என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் களத்தில் பார்த்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறோம். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

15 உறுப்பினர்கள். 3 லட்சம் வங்கிக் கடன், ஆளுக்கு 20,000. மாதம் ஆளுக்கு 950 வீதம் 14,250 ரூபாய் வசூல். ஒருவர் கூடத் தவறவில்லை. ஆனால் கடன் வாங்கி ஐந்தாவது மாதம் வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. நான்கு தவணை கட்டவில்லை, உடனே வரவும் என்று.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஊக்குநர் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. "நாங்க வயித்தைக் கட்டி வாயைக் கட்டிக் குடுத்தோம், நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பித்து, அவர் பெண்ணுக்கு வாங்கின கம்மல் வரைக்கும் பேச்சு போய்விட்டது. அவர் அழுதுகொண்டே பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றார். குழுவே கலைந்துவிடும் நிலை.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தோம். யார் எடுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. "வாங்க, பணத்தைப் பத்தின செய்தி எப்படிப் போகுதுன்னு வரைவோம்" என்றோம். தரையில் படம் வளர்ந்தது. 'தவணை வசூலித்தல்' வட்டம் நன்றாக இருந்தது. உறுப்பினரிடமிருந்து அம்பு வருகிறது, கடன் பேரேட்டுக்குப் போகிறது, பாஸ்புத்தகத்தில் கையெழுத்தாகி உறுப்பினருக்குத் திரும்புகிறது. அடுத்து 'வங்கியில் கட்டுதல்' வட்டம். அங்கே வங்கிக்கு ஒரு அம்பு போனது. அம்பின் பெயர் 'பணம் கட்டும் சீட்டு'.

அந்தச் சீட்டை நிரப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டோம். தேதி, தொகை, கணக்கு எண். தேதி தெரியும். தொகை ரொக்கப் புத்தகத்திலிருந்து வருகிறது. கணக்கு எண் எந்த நோட்டிலிருந்து வருகிறது? யாருக்கும் பதில் தெரியவில்லை. கடன் கணக்கு எண் எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. கடன் அனுமதித்த அன்று கொடுத்த தாளில் இருந்தது, அந்தத் தாள் தீர்மான நகல்களோடு பைக்குள் போய்விட்டது. வங்கியில் சீட்டு நிரப்பிக் கொடுத்தவர்கள், ஊக்குநர் கையில் இருந்த குழுவின் சேமிப்புப் பாஸ்புத்தகத்தைப் பார்த்து அந்த எண்ணையே எழுதியிருக்கிறார்கள். நான்கு மாதமும் அப்படியே. அரைகுறை வட்டம் என்று சொன்னோமே, அதுதான் இது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. வங்கிக் கட்டத்திலிருந்து குழுவுக்குத் திரும்பி வரும் அம்பே படத்தில் இல்லை. முத்திரை குத்திய அடிச்சீட்டு ஊக்குநரின் பர்ஸில் இருந்தது. பாஸ்புத்தகத்தில் நான்கு மாதமாக வரவு பதியவில்லை. 'ஒத்துப் பார்த்தல்' என்ற வட்டம் வேலையாக நடக்கவே இல்லை.

இரண்டு பிரதிநிதிகளும் இரண்டு உறுப்பினர்களும் வங்கிக்குப் போனார்கள். பாஸ்புத்தகத்தில் பதிந்து பார்த்தால், சேமிப்புக் கணக்கில் நான்கு முறை 14,250 வரவாகி, மொத்தம் 57,000 ரூபாய் அப்படியே கிடந்தது. ஒரு பைசா குறையவில்லை. அதைக் கடன் கணக்குக்கு மாற்ற எழுதிக் கொடுத்தார்கள். முந்தின நாள் கம்மலைப் பற்றிப் பேசிய அக்காவே, ஊக்குநர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

சகோதரிகளே, இது சின்ன விஷயம் இல்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கிகள் அந்தக் கடனை வாராக்கடன் என்று வகைப்படுத்துகின்றன. அப்படி ஆனால் அடுத்த கடன் சிக்கலாகும். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, சொத்து அடமானம் இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்ற கேள்விக்கு, நாம் கூடுவதும் சேமிப்பதும் கணக்கு வைப்பதும்தான் பதிலாக இருந்தது. நமக்கு நிலப் பத்திரம் இல்லை, நம் நோட்டுதான் பத்திரம். பணம் கட்டியும் நோட்டில் சிக்கல் என்றால், கட்டாததற்குச் சமமாகிவிடுகிறது. நேர்மையாக இருந்த ஒரு பெண்ணுக்குத் திருட்டுப் பட்டமும் வந்துவிடுகிறது.

இன்று அந்தக் குழுவில் கடன் கணக்கு எண் கடன் பேரேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடிச்சீட்டை ரொக்கப் புத்தகத்தில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஊக்குநரோடு உறுப்பினர் ஒருவர் முறை வைத்து வங்கிக்குப் போகிறார். இந்த ஏற்பாடு பண்ணச் சொல்லி ஊக்குநர்தான் கேட்டார். தனக்கும் பாதுகாப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தொழிலுக்கும் இதே படம்

கூட்டாகத் தொழில் செய்யும் குழுக்களுக்கு இந்தப் படம் இன்னும் அவசியம். மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். வெளியாட்கள் யார்? மிளகாய், மல்லி விற்கும் மொத்த வியாபாரி, அரவை மில், நம்மிடம் வாங்கும் கடைக்காரர்கள், வங்கி, கூலி வாங்கும் உறுப்பினர்கள். வேலைகள் என்ன? ஆர்டர் எடுத்தல், சரக்கு வாங்குதல், அரைத்துப் பாக்கெட் போடுதல், கடைக்குக் கொடுத்து வசூலித்தல், கூலியும் லாபமும் பிரித்தல். நோட்டுகள்: ஆர்டர் நோட்டு, இருப்பு நோட்டு, பில் புத்தகம், கடை பாக்கி நோட்டு, ரொக்கப் புத்தகம்.

இப்போது 'வசூலித்தல்' வட்டத்தைப் பாருங்கள். பத்துக் கடையில் வாராவாரம் சரக்கு போட்டு, போன வாரப் பாக்கியை வாங்குகிறோம். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது எங்கே எழுதியிருக்கிறது? பல குழுக்களில் இதற்குக் கிடைக்கிற பதில், "எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்." அப்படியானால் அந்த இரட்டைக் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போடுங்கள். அது தலைக்குள் இருக்கும் நோட்டு. அக்காவுக்குச் சிக்குன்குனியா வந்து பத்து நாள் படுத்துவிட்டால், அந்த நோட்டும் படுத்துவிடும். கடைக்காரர் சொன்னதுதான் பாக்கி. அக்காவின் ஞாபகசக்தியைக் குறை சொல்லவில்லை. பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி அவர் பாரத்தை இறக்கி வையுங்கள் என்கிறோம்.

அடுத்து, கெட்டுப்போன பாக்கெட். கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் திருப்பித் தந்து "வாடை அடிக்குது" என்கிறார். இது வெளியாளிடமிருந்து வரும் ஒரு தகவல். இந்த அம்பு எந்த வட்டத்துக்குப் போகிறது? மாற்றுப் பாக்கெட் கொடுத்துவிட்டு மறந்துவிட்டால், அது விழுங்கும் வட்டம். பாக்கெட்டில் தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் இருந்து, இருப்பு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எந்த வியாபாரியின் மிளகாய், என்றைக்கு அரைத்தது என்று எழுதியிருந்தால், அதே தொகுதியில் இன்னும் எத்தனை பாக்கெட் எந்தக் கடையில் இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். உணவுப் பொட்டலத்தில் தொகுதி எண் போடச் சொல்லிச் சட்டம் கேட்பதும் இதற்காகத்தான். அதிகாரி வருவார் என்று பயந்து போடும் எண் இல்லை, நம் சரக்கின் பெயரைக் காப்பாற்றும் எண் அது.

கூலி விஷயத்துக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு கட்டடத்தின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அவர்கள் முறையில் பெண்கள் காலையில் மையத்துக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிப் போவார்கள், வீட்டில் தேய்த்துக் காய வைப்பார்கள், மறுநாள் அப்பளத்தைக் கொண்டுவருவார்கள். தரம் பார்த்து, எடை போட்டு, தேய்த்த கூலி கொடுப்பார்கள். இதைப் படமாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணும் அங்கே உரிமையாளர்தான். ஆனாலும் படத்தில் அவர் ஒரு கட்டம். கொடுத்த மாவின் எடை ஒரு அம்பு, வந்த அப்பளத்தின் எடை ஒரு அம்பு, கூலி விவரம் திரும்பிப் போகும் அம்பு. இந்த மூன்றும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக ஓட வேண்டும். வீட்டில் இருந்து வேலை செய்யும் நம் உறுப்பினர்களுக்கும் இதுதான் தேவை. "எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு வந்தது, எவ்வளவு கூலி" என்று ஒரே பக்கத்தில் இருந்தால், மாசக் கடைசியில் வாய்ச்சண்டைக்கு இடமே இருக்காது.

செல்போன் வந்தால் படம் மாறுமா?

இப்போது குழுக் கணக்குகளைச் செயலியில் பதிவு செய்கிறார்கள். நபார்டு 2015-ல் ஜார்கண்டின் ராம்கட், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் 'இ-சக்தி' என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் வேலையைத் தொடங்கியது. அதில் உறுப்பினருக்கு அவர் மொழியிலேயே குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் 'லோகோஸ்' என்ற செயலி வந்திருக்கிறது.

"இனிமே எல்லாம் போன்லயே இருக்கும், நோட்டு எதுக்கு, படம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். படத்தில் இரட்டைக் கோடு என்றால் தகவல் தங்கும் இடம். அது நோட்டாக இருந்தாலும் போனாக இருந்தாலும் கோடு அதேதான். வட்டமும் அதேதான். யாரோ ஒருவர் பதிவு செய்ய வேண்டும், யாரோ ஒருவர் ஒத்துப் பார்க்க வேண்டும், உறுப்பினருக்குச் செய்தி திரும்ப வேண்டும்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உறுப்பினருக்கு வர வேண்டிய குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது? பதிவு செய்யும்போது கணவர் எண்ணையோ, மகன் எண்ணையோ, "எனக்கு போன் இல்ல, உங்க எண்ணையே போட்டுக்குங்க" என்று ஊக்குநர் எண்ணையோ கொடுத்திருந்தால், அம்பு கிளம்புகிறது, ஆனால் அந்தப் பெண்ணிடம் வந்து சேர்வதில்லை. படத்தில் அம்பின் முனை யார் கட்டத்தில் முட்டுகிறது என்று பாருங்கள். இந்த மாதமே ஒவ்வொரு குழுவிலும் இதைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். போன் இல்லாத உறுப்பினருக்கு, கூட்டத்தில் அவர் கணக்கை வாய்விட்டுப் படிப்பதுதான் குறுஞ்செய்தி.

படம் சொல்லாதது

இந்தப் படத்தால் ஆகாததும் உண்டு. எது முன்னால், எது பின்னால், எந்தத் தேதிக்குள் என்று இது காட்டாது. அதற்கு நாள்காட்டி வேண்டும். எவ்வளவு தொகை என்று காட்டாது. அதற்குப் பேரேடு வேண்டும். ஆளின் மனசையும் இது காட்டாது. கெட்ட எண்ணம் உள்ளவரைப் படம் திருத்திவிடாது. ஆனால் நல்லவர் மேல் வீண் பழி விழாமலும், தப்பு செய்ய நினைப்பவருக்கு மறைவிடம் இல்லாமலும் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் குழுவில் செய்ய வேண்டியது

ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. எல்லா உறுப்பினரும் சுற்றி உட்காருங்கள். கோலப்பொடியை ஊக்குநர் கையில் கொடுக்க வேண்டாம். கணக்கு எழுதாத ஒருவர் வரையட்டும், ஊக்குநர் பதில் சொல்லட்டும்.

2. ஏதாவது ஒரு வேலையை மட்டும் எடுங்கள். வங்கிக் கடன் தவணையோ, கடை வசூலோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் வரைய வேண்டாம்.

3. பெரிய வட்டம், சுற்றிலும் கட்டங்கள். பிறகு வட்டத்தைத் திறந்து மூன்று முதல் ஏழு வேலைகள் வரை போடுங்கள். அதற்கு மேல் போனால் குழப்பம்தான்.

4. நோட்டு போடும் இடத்தில் உண்மையான நோட்டையே எடுத்து வையுங்கள். கொண்டுவர முடியாத நோட்டு, இல்லாத நோட்டு.

5. நடக்கிறதை வரையுங்கள். நடக்க வேண்டியதை அல்ல. "அப்படித்தான் செய்யணும், ஆனா செய்யறதில்ல" என்றால் அந்த அம்பைப் போடாதீர்கள். அந்த வெற்றிடம்தான் நமக்கு வேண்டும்.

6. ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். விடுபட்ட அம்புகளைச் சிவப்புப் பொடியால் போடுங்கள். ஒவ்வொரு சிவப்பு அம்புக்கும் ஒரு ஆள், ஒரு தேதி என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

7. படத்தைத் தாளில் வரைந்து, கூட்டம் நடக்கும் இடத்தின் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக ஊக்குநர் வரும்போது அவருக்கு முதல் பாடம் அதுதான்.

கூட்டத்தில் எந்த உறுப்பினருக்கும், அவர் கையெழுத்துப் போடுபவராக இருந்தாலும் கைநாட்டு வைப்பவராக இருந்தாலும், கேட்க உரிமை உள்ள ஒரு கேள்வி இருக்கிறது: "நான் கொடுத்தது போய்ச் சேர்ந்ததுன்னு எனக்கு எந்த அம்பு சொல்லும்?" இதைக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. இதைக் கேட்டால் ஊக்குநர் கோபப்படவும் வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஊக்குநர்தான் நிம்மதியாகத் தூங்கும் ஊக்குநர்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் தவணைப் படத்தைத் தாளில் கொண்டுவர வேண்டும். சிவப்பு அம்பு நிறைய இருக்கிறதே என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கண்டுபிடித்த ஓட்டையைத்தான் அடைக்க முடியும். தொழில் செய்யும் குழுக்கள் வசூல் படத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தால், எல்லாரும் சேர்ந்து பார்த்து ஒருவருக்கொருவர் யோசனை சொல்லலாம்.